லாரிப் பட்டையிலிருந்து ஒரு சிறு கத்தி: அரமும் தோய்ச்சலும்

கையால் கத்தி செய்ய விரும்புகிறவர்களில் பலர் முதலில் விசாரிப்பது எந்த இயந்திரம் வாங்க வேண்டும் என்பதைத்தான். பெல்ட் கிரைண்டர் இல்லாமலேயே நல்ல கத்தி செய்ய முடியும் என்று நான் உறுதியாகச் சொல்வேன். ஒரு வைஸ், 12 அங்குல முரட்டு அரம் ஒன்று, நைஸ் அரம் ஒன்று, துளைபோடும் கருவி, உப்புத்தாள் ஆகியவை இருந்தால் வடிவம் வந்துவிடும். அந்த வடிவம் கத்தியாக நிலைக்குமா என்பதை முடிவு செய்வது எஃகின் தன்மையும் அதற்குக் கொடுக்கும் தோய்ச்சலும்தான் (சிவக்கக் காய்ச்சிய எஃகைத் தண்ணீரிலோ எண்ணெயிலோ முக்கிக் கடினமாக்குவதே தோய்ச்சல்). ஆகவே செலவிடும் கவனத்தில் பெரும்பங்கை அங்கே செலவிட வேண்டும் என்பது என் கருத்து.

நான் எடுத்துக்கொண்டது பழைய லாரியின் ஸ்பிரிங் பட்டை. நூற்றுக்குச் சுமார் 0.5 முதல் 0.6 பங்கு கரிமம் உள்ள எஃகு அது. சிறு கத்திக்குப் போதுமான கடினம் அதில் கிடைக்கும், எளிதில் உடையவும் உடையாது. ஆனால் பட்டையின் கனம் பெரும்பாலும் 8 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கும், எனக்கு வேண்டியதோ 3 மில்லிமீட்டர். அதை அரத்தால் குறைப்பது வீண் உழைப்பு. சிவகங்கை மாவட்டத்தில் அரிவாளுக்குப் பெயர் பெற்ற திருப்பாச்சேத்திப் பக்கத்தில், வயது முதிர்ந்த ஆசாரி ஒருவரின் பட்டறைக்கு அதை எடுத்துச் சென்றேன். துருத்தி இருந்த இடத்தில் இப்போது மின்விசிறி காற்று ஊதுகிறது, உலையில் மரக்கரி எரிகிறது. அவர் பட்டையைச் சூடாக்கி, சம்மட்டி அடிப்பவரின் துணையோடு மெல்லிய கீற்றாக நீட்டிக் கொடுத்தார். பழைய பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கக்கூடும் என்பதால், ஒரு நுனியை வெட்டிச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கி, சுத்தியலால் உடைத்துக் காட்டினார். உடைந்த முகம் சாம்பல் நிறத்தில் மழமழப்பாக இருந்தால் நல்லது. சர்க்கரைத் தூள்போல மினுங்கினால் அளவுக்கு மீறிக் காய்ந்து எஃகினுள் இருக்கும் நுண்படிகங்களான மணிகள் பெருத்துவிட்டன என்று பொருள். எந்த எஃகு என்று தெரியாத இரும்பை வாங்கும் எவரும் இந்தச் சோதனையைத் தவிர்க்கக் கூடாது.

நீட்டிய கீற்றைச் சிவந்த நிலையிலேயே உமிச் சாம்பலுக்குள் புதைத்து இரவு முழுவதும் ஆறவிட்டால், அரத்துக்கு இணங்கும் அளவுக்கு மென்மையாகிவிடும். அதன் பிறகுதான் என் வேலை தொடங்கியது. அலகு 9 சென்டிமீட்டர், பிடிக்குள் அடங்கும் காம்பு 11 சென்டிமீட்டர் என்று வரைந்து, சுற்றுவடிவத்தை ரம்பத்தால் அறுத்து அரத்தால் திருத்தினேன். கத்தியின் வாயில் நடுக்கோடு கீறுவதற்கு, கீற்றின் கனத்துக்குச் சமமான விட்டமுள்ள துளையலகு ஒன்றைத் தட்டையான பலகைமேல் வைத்து, அதன் கூர்முனையால் இருபுறமிருந்தும் கோடு இழுத்தால் போதும். இரு பக்கச் சாய்வும் ஒரே அளவில் வர அந்தக் கோடே வழிகாட்டி. அரத்தின் பற்களில் சாக்கட்டியைத் தேய்த்துக்கொண்டால் இரும்புத் துகள் அடைத்துக்கொண்டு ஆழக் கீறுவது குறையும். முன்னோக்கித் தள்ளும்போது மட்டும் அழுத்தம் கொடுத்து, திரும்பும்போது தூக்கிவிட வேண்டும். வாயை இந்த நிலையிலேயே கூராக்கிவிடக் கூடாது. ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கனம் விட்டுவைத்தால்தான் தோய்ச்சலின்போது வளையாமலும் வெடிக்காமலும் இருக்கும்.

தோய்ச்சலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் ஆசாரி செய்யும் முறையும் நான் செய்த முறையும் வேறு வேறு, இரண்டுமே சரியானவை. அவர் அரிவாளின் வாயை மட்டும் தண்ணீரில் காட்டி எடுக்கிறார். முதுகில் தங்கியிருக்கும் சூடு மெல்ல வாயை நோக்கி இறங்கும்போது, தேய்த்துப் பளிச்சென்று ஆக்கிய இடத்தில் வைக்கோல் மஞ்சள், பழுப்பு, ஊதா, நீலம் என்று நிறங்கள் ஓடுகின்றன. வேண்டிய நிறம் வாயை எட்டியதும் மறுபடி தண்ணீரில் வைத்து நிறுத்திவிடுகிறார். வாய் கடினமாகவும் முதுகு இளக்கமாகவும் அமைவதால், மரக்கிளையில் ஓங்கி வெட்டினாலும் அரிவாள் உடைவதில்லை. ஒரே காய்ச்சலில் கடினமாக்குவது, அளவோடு இளக்குவது என்ற இரண்டு வேலையும் முடிகிற அந்தக் கைப்பழக்கத்தை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் 3 மில்லிமீட்டர் கனமுள்ள சிறு அலகில் தங்கும் சூடு மிகக் குறைவு. நிறங்கள் நொடியில் ஓடி மறைந்துவிடும். தண்ணீர் வேகமாகக் குளிர்விப்பதால் மெல்லிய அலகு வெடிக்கும் அபாயமும் உண்டு. சிறு கத்திக்கு எண்ணெய்தான் ஏற்றது.

எண்ணெயில் தோய்ப்பதற்கு முன் அலகை மூன்று முறை சிவக்கக் காய்ச்சி, காற்றில் ஆறவிட்டேன்; அடித்து நீட்டியபோது ஏற்பட்ட இறுக்கம் இதனால் தளர்ந்து மணிகள் நுண்மையாகின்றன. எஃகு ஏறத்தாழ 770 டிகிரி செல்சியஸில் காந்தத்தை ஈர்க்காமல் போகும். கம்பி நுனியில் கட்டிய காந்தம் ஒட்டாத நிலையைத் தாண்டி, இன்னும் சற்றே, அதாவது 830 டிகிரியை ஒட்டிக் காய வேண்டும். "வெயில்ல இரும்போட நிறம் தெரியாது தம்பி, பொழுது சாயட்டும்" என்று ஆசாரி என்னைக் காத்திருக்கச் சொன்னார். மங்கிய வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் அலகினுள் ஒரு நிழல் நகர்ந்து மறைவதும், அதன் பின் நிறம் ஒரே சீராக ஆவதும் தெரிந்தன. சுமார் 50 டிகிரிக்குச் சூடாக்கிய கடலை எண்ணெயில் முனை கீழாக நேரே இறக்கி, முன்னும் பின்னும் மட்டும் அசைத்தேன். பக்கவாட்டில் அசைத்தால் வளையும். எண்ணெய்ப் பாத்திரம் உலோகமாக இருக்க வேண்டும், தீப்பிடித்தால் மூடுவதற்கு ஏற்ற மூடி கையருகே இருக்க வேண்டும். பழைய இன்ஜின் ஆயிலின் புகை உடலுக்குக் கெடுதல் என்பதால் அதைத் தவிர்ப்பது நல்லது. ஆறிய அலகின்மேல் அரத்தை இழுத்தபோது அது பிடிக்காமல் வழுக்கியது. அதுவே கடினம் ஏறியதற்கு அடையாளம்.

இந்த நிலையில் அலகு கண்ணாடிபோல் எளிதில் உடையும் என்பதால், அதைச் சற்று இளக்கத் தாமதிக்காமல் வீட்டு ஓவனில் 200 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்து, ஆறவிட்டு, அதையே இன்னொரு முறை செய்தேன். வீட்டு ஓவனின் திருகு காட்டும் எண்ணை நம்பக் கூடாது. தனி வெப்பமானி ஒன்றை உள்ளே வைத்து, அலகை மணல் பரப்பிய தட்டில் கிடத்தினால் சூட்டின் ஏற்ற இறக்கம் அடங்கும். வெளியே எடுத்தபோது அலகு முழுவதும் இளம் வைக்கோல் நிறம் படர்ந்திருந்தது.

பிடிக்கு, மரவேலைக் கடையில் எஞ்சிய நன்கு காய்ந்த பூவரசுத் துண்டுகளை இருபுறமும் வைத்து, எப்பாக்ஸி பசையும் பித்தளைக் கம்பிகளும் கொண்டு இறுக்கினேன். பிடியின் மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் பூசித் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள்; அது தானே சூடாகித் தீப்பற்றக்கூடும். விரித்துக் காயவிட வேண்டும்.

சட்டம் பற்றிக் கேட்பவர்களுக்காக ஒன்று: 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளில் உரிமம் கோரும் வகையில் வருபவை 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகள், அவற்றிலும் வீட்டு, வேளாண், அறிவியல், தொழில் பயன்பாட்டுக்கென அமைந்தவை விலக்கு. இந்தச் சமையலறைக் கத்தி அந்த அளவுக்கு வெகு கீழே.

மாங்காயும் வாழைப்பூவும் நறுக்கியதில் அலகு கருஞ்சாம்பல் நிறமாகிவிட்டது. அது துரு அல்ல, கழுவியதும் துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவிவந்தால் துரு அண்டாது. அடுத்ததாகப் பழைய பேரிங்கின் வளையத்தில் ஒரு கத்தி செய்ய எண்ணியிருக்கிறேன். அதில் நூற்றுக்குச் சுமார் கரிமம் ஒரு பங்கும் குரோமியம் ஒன்றரைப் பங்கும் இருப்பதால், காந்தம் விட்ட பிறகும் சூட்டைச் சில நிமிடங்கள் சீராக நிறுத்தி வைக்க வேண்டியிருக்கும். கரி உலையில் அதைச் செய்து பார்த்தவர்கள் எப்படிச் சமாளித்தீர்கள் என்பதை அறிய ஆவலாக இருக்கிறேன்.