பெரிய வீட்டு வாணலி

குழு: திண்டுக்கல் பெரிய வீடு
வியாழன் இரவு 8.40

அக்கா: ஒரு விஷயம். ஞாயிறு காது குத்துக்குச் சமோசா தருவதாகச் சொன்ன பேக்கரிக்காரர் கை விரித்துவிட்டார். மாஸ்டர் ஊருக்குப் போய்விட்டாராம். சாயங்காலம் 70 பேர்.

அண்ணன்: அட்வான்ஸ்?

அக்கா: 500. அதை அப்புறம் பார்க்கலாம்.

சித்தி: பஜ்ஜி போட்டுவிடலாமே

அண்ணன்: மச்சான் வீட்டார் போன தடவையே பஜ்ஜியைப் பார்த்துச் சிரித்தார்கள்

சித்தி: சிரித்துக்கொண்டே ஆளுக்கு எட்டு சாப்பிட்டார்கள்

பெரியம்மா: யாரும் பதற வேண்டாம். வீட்டிலேயே வெங்காயச் சமோசா போடலாம். ஆளுக்கு இரண்டு, அதற்கு மேல் கொஞ்சம், 200 இருக்கட்டும். மைதா 2 கிலோ. உப்பு, நாலு கரண்டி எண்ணெய் விட்டுச் சப்பாத்தி மாவை விடக் கெட்டியாகப் பிசைய வேண்டும். பூரி அளவுக்கு இரண்டு தேய்த்து, நடுவில் எண்ணெய் தடவி மாவு தூவி, ஒன்றின் மேல் ஒன்று வைத்து மெல்லிசாகத் தேய்க்க வேண்டும். கல்லில் காட்டினால் போதும், சிவக்கக் கூடாது. சூடாக இருக்கும்போதே இரண்டாகப் பிரித்து, பாதியாக நறுக்கி ஈரத்துணி போட்டு மூட வேண்டும். மூடாவிட்டால் அப்பளமாகிவிடும்.

அண்ணன்: 👍

பெரியம்மா: இன்னும் முடியவில்லை. வெங்காயம் 3 கிலோ, மெல்லிசாக நறுக்கி உப்புப் போட்டுப் பிழிந்துவிட வேண்டும். மிளகாய்த்தூள், கரம் மசாலா, கறிவேப்பிலை, மல்லித்தழை. வதக்கக் கூடாது. இரண்டு பிடி மெல்லிசு அவல் சேர்க்க வேண்டும், மிச்சத் தண்ணீரை அது குடித்துக்கொள்ளும். கடைச் சமோசா நமத்துப் போகாததற்கு அதுதான் காரணம். கடலைப் பொட்டலம் மடிக்கிற மாதிரி மடித்து, வாயை மைதாப் பசையால் ஒட்ட வேண்டும்.

நான்: பெரியம்மா, ஏர் ஃப்ரையர் கொண்டு வரவா?

அண்ணன்: ஒரு ஈடுக்கு ஆறு. 200 முடிவதற்குள் அடுத்த பிள்ளைக்குக் காது குத்து வந்துவிடும்

அக்கா: அண்ணா, தோடு வாங்கியாச்சா?

அண்ணன்: நாளைக்கு

அக்கா: தாய்மாமன் நீதானே? நாளை வெள்ளிக்கிழமை, கடையில் நிற்க இடம் இருக்காது

சித்தி: உருளைக்கிழங்கு, பட்டாணி வைத்தால் என்ன? பெரிசாக, வட இந்தியக் கடைகளில் வருமே

பெரியம்மா: அதற்கு மாவே வேறு. ஓமம் போட்டு, கிலோவுக்குக் கால் லிட்டர் எண்ணெய் விட்டுப் பிசைந்து, சின்னத் தீயில் நிதானமாக வேக வைக்க வேண்டும். தீ கூடினால் மேலெல்லாம் கொப்புளம். 70 பேருக்கு ஆகாது.

சித்தப்பா: சமோசா நம் ஊர்ச் சரக்கே இல்லை. பாரசீகத்திலிருந்து வந்தது. 14ஆம் நூற்றாண்டில் துக்ளக் அரண்மனையில் பரிமாறியதை இப்னு பதூதா எழுதி வைத்திருக்கிறார். உள்ளே கொத்துக்கறி, பாதாம், பிஸ்தா. உருளைக்கிழங்கெல்லாம் போர்ச்சுக்கீசியர் வந்த பிறகு.

அண்ணன்: பரீட்சைக்கு வருமா சித்தப்பா?

பெரியம்மா: வரலாறு போதும். கொழுந்தனார் அடுப்புப் பக்கம் வராமல் இருந்தாலே சரி.

சித்தப்பா: அண்ணி, தீபாவளிக்கு நடந்தது எண்ணெய்ச் சூட்டின் தப்பு

சித்தி: பசை ஒட்டாதது யார் தப்பு? இருபதும் வாயைப் பிளந்து, சட்டி முழுக்க வெங்காயம்

அத்தை மதுரை: சோமாஸ் என்றால் முன்னாடியே செய்து டப்பாவில் போட்டுவிடலாம்

அக்கா: அத்தை, வருகிறவர்களில் பாதிப்பேருக்குச் சர்க்கரை

பெரியம்மா: 200 பொரிக்க வீட்டு வாணலி பத்தாது. உங்கள் பாட்டியின் இரும்பு வாணலி இருந்தால் ஒரு ஈடுக்கு 20 போடலாம். அது எங்கே இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும்.

அண்ணன்: ஆரம்பித்தாயிற்று

அத்தை மதுரை: அம்மா தானாகக் கொடுத்தது. 2011 பொங்கலன்று. நான் கேட்டு வாங்கவில்லை.

பெரியம்மா: நான் யாரையும் சொல்லவில்லை.

நான்: நான் சனிக்கிழமை வைகையில் வருகிறேன். யாராவது ஸ்டேஷனுக்கு வருவீர்களா?

(யாரும் பதில் சொல்லவில்லை)

அக்கா: அத்தை, வாணலி கொண்டு வர முடியுமா? ப்ளீஸ்

அத்தை மதுரை: அதைப் பஸ்ஸில் யார் தூக்குவது? எனக்கு முழங்கால் வலி

அண்ணன்: சனிக்கிழமை காலையில் நான் காரில் வந்து எடுத்துக்கொள்கிறேன்

அத்தை மதுரை: வாணலி என்றால் மதுரைக்கு வழி தெரிகிறது. அறுவைச் சிகிச்சைக்குத் தெரியவில்லை.

அண்ணன்: அத்தை 🙏

பெரியம்மா: அப்படியே உங்கள் அத்தையையும் அழைத்து வரச் சொல்லுங்கள்.

அத்தை மதுரை: அண்ணி என்னிடமே சொல்லலாம். நானும் இதே குழுவில்தான் இருக்கிறேன்.

9.25

பெரியம்மா: 3 கிலோ வெங்காயம் யார் நறுக்குவது?

சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சித்தி: எதற்கும் கடலை மாவு இரண்டு கிலோ வாங்கி வைக்கிறேன்