அம்மா போனில் லாக்கை எடுக்க முடியவில்லை, 'ஸ்வைப்' மங்கலாகவே இருக்கிறது

முக்கூடல்காரன்:

அம்மாவுக்கு வயது 67. முக்கூடல் பக்கம் ஒரு சின்ன ஊரில் தனியாக இருக்கிறார், நான் கோயம்புத்தூரில். ஆபீஸ் வேலைக்கு வைத்திருந்த என் பழைய போனைப் பொங்கலுக்குப் போனபோது அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தேன். 2019ல் வாங்கியது, ஆண்ட்ராய்டு 9. ரீசெட் செய்யவில்லை. என் படங்களையும் கணக்குகளையும் நீக்கிவிட்டு, அம்மா பேரில் ஒரு கூகுள் கணக்கு போட்டேன், அவ்வளவுதான்.

தலைவலியே பின் நம்பர்தான். பெற்ற மகன் பிறந்த தேதி மறக்குமா என்று அதையே நாலு இலக்கமாக வைத்துக் கொடுத்தேன். மறக்கவில்லைதான். "ஆடி மாசம், பரணி, விடியக்காலம், அன்னைக்கு ஆத்துல செம தண்ணி" என்று எல்லாமே சொல்கிறார். இங்கிலீஷ் தேதி மட்டும் வரமாட்டேன் என்கிறது.

சரி, கைரேகை போதுமே என்றால், அது முப்பது வருடம் பீடி சுற்றிய கை. ரேஷன் கடை மிஷினிலேயே நாலைந்து தடவை அழுத்தினால்தான் ரேகை விழும். போனில் வலது கட்டைவிரலைப் பதிந்து வைத்தேன். பத்துக்கு மூன்று தடவை திறக்கும்.

போன வாரம் கரண்ட் இல்லாமல் சார்ஜ் தீர்ந்து போன் அணைந்துவிட்டது. திரும்ப ஆன் செய்தால் கைரேகையை வாங்கவே இல்லை, பின் நம்பர்தான் வேண்டும் என்றது. அம்மா ஏதேதோ போட்டுப் பார்க்க, 30 செகண்ட் பொறு என்று சொல்லிவிட்டது. நான் கூப்பிட்டால் மணி அடிக்கிறது. ஆனால் திரையில் என் பேர் வரவில்லை, வெறும் நம்பர். "பேங்க்ல இருந்து பேசுறேன்னு ஏமாத்துறவன்னு நெனச்சு எடுக்கல" என்றார். வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக். காலை 5 மணி அலாரம் மட்டும் ஒழுங்காக அடித்ததாம். இரண்டு நாள் கழித்து, பக்கத்து வீட்டு அக்கா போனில் பேசித்தான் பின் நம்பரைச் சொல்ல முடிந்தது. அந்த இரண்டு நாள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் லாக்கையே எடுத்துவிடலாம் என்று செட்டிங்ஸுக்குள் போனேன். 'ஸ்வைப்' (விரலால் தள்ளினாலே திறப்பது), 'லாக் இல்லை' இரண்டுமே மங்கிக் கிடக்கின்றன, தொட்டால் அசையவில்லை. நிர்வாகியோ என்கிரிப்ஷன் கொள்கையோ சான்றுச் சேமிப்பகமோ முடக்கியிருப்பதாகக் கீழே ஒரு வரி. அம்மா போனுக்கு யார் நிர்வாகி? ஆபீஸ் மெயில் கணக்கை நான் அப்போதே எடுத்துவிட்டேனே.

லாக்கை எப்படி எடுப்பது? இந்த என்கிரிப்ஷனை (போனில் இருக்கும் தகவலைக் குறியாக்கிப் பூட்டி வைப்பதை) அணைத்துவிட்டால் சரியாகுமா? ரீசெட் செய்யச் சொல்லாதீர்கள். அம்மாதான் மகளிர் குழுவில் கணக்கு எழுதுகிறவர். நோட்டுப் பக்கங்கள், லோனுக்காக வாங்கிய உறுப்பினர்களின் ஆதார் கார்டு படங்கள், எல்லாம் அந்தப் போனில்தான் இருக்கின்றன.

கடைத்தம்பி:

அண்ணே, மதுரையில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ஆபீஸ் போனை வீட்டுக்குக் கொடுத்தவர்கள் எல்லாரும் வந்து நிற்கும் இடம் இது.

மெயில் கணக்கை எடுத்திருப்பீர்கள், மெயில் செயலி கிடக்கும். 'பூட்டு இல்லாமல் இந்தப் போனில் மெயில் வராது' என்று கம்பெனி வைத்த விதியை அந்தச் செயலிதான் அமல்படுத்தும். செட்டிங்ஸ் தேடல் பெட்டியில் 'டிவைஸ் அட்மின்' என்று தேடுங்கள் (போன் கம்பெனிக்குக் கம்பெனி இது ஒளிந்திருக்கும் இடம் மாறும்). அங்கே ஒரு பட்டியல் வரும். மெயில் செயலி எதிரே டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். 'ஃபைண்ட் மை டிவைஸ்' என்று ஒன்று இருந்தால் அதைத் தொடாதீர்கள், அது போன் தொலைந்தால் தேட. லாக்கை மங்க வைப்பது அது இல்லை.

முக்கூடல்காரன்:

தம்பி, வீடியோ கால் போட்டு, பக்கத்து வீட்டு அக்கா மகனை வைத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னபடி மெயில் செயலிக்கு டிக் இருந்தது. எடுத்தாயிற்று, செயலியையும் நீக்கியாயிற்று, ஒரு தடவை அணைத்து ஆன் செய்தும் பார்த்தாயிற்று. (இந்தத் தடவை பின் நம்பரைச் சொல்ல நான் லைனில் இருந்தேன்.) 'ஸ்வைப்' இன்னும் மங்கல்தான்.

கடைத்தம்பி:

அப்படியென்றால் அந்த வரியின் கடைசிச் சொல்லைப் பாருங்கள். சான்றுச் சேமிப்பகம். ஆபீஸ் வைஃபைக்கோ விபிஎன்னுக்கோ ஐடி ஆட்கள் ஒரு சான்றிதழ் ஃபைலைக் கொடுத்து இன்ஸ்டால் செய்யச் சொன்னார்களா? அதைப் போடும்போதே பூட்டு வைக்கச் சொல்லிக் கேட்டிருக்கும். 'என்கிரிப்ஷனும் சான்றுகளும்' என்ற பகுதியில் 'சான்றுகளை நீக்கு' என்று கடைசியில் இருக்கும். அதை அழுத்துங்கள். நீங்கள் ஏற்றிய சான்றிதழ்கள்தான் போகும், போட்டோவுக்கு ஒன்றும் ஆகாது. என் கைக்கு வந்த சில பழைய போன்களில் இதைச் செய்ததும் 'ஸ்வைப்' உயிர் பெற்றிருக்கிறது.

ரூட்ராஜா:

எதுக்கு இவ்வளவு? பூட்லோடரைத் திற, ரூட் பண்ணு, என்கிரிப்ஷனைத் தூக்கி எறி. அரை மணி நேர வேலை.

நள்ளிரவு நிரலர்:

ரூட்ராஜா சொல்வதைக் கேட்டுவிடாதீர்கள். பூட்லோடரை, அதாவது போன் ஆன் ஆகும்போது முதலில் ஓடும் நிரலின் பூட்டைத் திறந்தால், போனில் இருக்கும் தகவல் அத்தனையும் அழியும், அது அப்படித்தான் வடிவமைக்கப்பட்டது. குழுக் கணக்கு அரை மணி நேரத்தில் காலி.

கடைத்தம்பி சொன்ன வழி சரி, செய்து பாருங்கள். ஆனால் அதற்கு முன்னால் உங்கள் அம்மா சொன்ன ஒரு விஷயம் என்னை நிறுத்தியது: அலாரம் அடித்தது, பேர் வரவில்லை. போனுக்குள் என்ன நடக்கிறது என்பதை இதைவிட நன்றாக யாரும் சொல்லியிருக்க முடியாது.

ஆண்ட்ராய்டில் முன்பு முழு சேமிப்பகத்துக்கும் சேர்த்து ஒரே பூட்டு. ஆன் செய்யும்போதே பின் நம்பர் கேட்கும்படி வைத்திருந்தால், அதைப் போடும் வரை போன் பாதியிலேயே நிற்கும், அலாரம்கூட அடிக்காது. 2016ல் ஆண்ட்ராய்டு 7ல் கோப்பு வாரியாகக் குறியாக்கும் முறை வந்தது. வீட்டில் திண்ணையும் உள்ளறையும் போல. போன் ஆன் ஆனதும் திண்ணை திறந்துவிடும். அலாரமும், வரும் அழைப்பை எடுக்கும் வசதியும் அங்கே இருக்கின்றன. உங்கள் பேரைச் சேமித்த தொடர்புப் பட்டியல், வாட்ஸ்அப், படங்கள் எல்லாம் உள்ளறையில். முதல் தடவை பின் நம்பரைப் போடும் வரை அந்த அறை திறக்காது. அதனால்தான் மணி அடித்தது, பேர் தெரியவில்லை, வாட்ஸ்அப் ஒற்றை டிக்கோடு நின்றது. போன் கெட்டுப்போகவில்லை, அது செய்ய வேண்டியதைத்தான் செய்தது.

கைரேகையை ஏன் வாங்கவில்லை? உள்ளறைச் சாவி பின் நம்பரையும் சிப்புக்குள் புதைந்திருக்கும் ஒரு ரகசியத்தையும் சேர்த்து உருவாவது. கைரேகையிலிருந்து சாவி செய்ய முடியாது, ஒவ்வொரு தடவையும் விரல் கொஞ்சம் மாறி விழுமே. சாவி ஒரு தடவை வந்த பிறகு திரையைத் திறந்துவிட மட்டும்தான் விரல். போனை அணைக்காமலே வைத்திருந்தாலும் 72 மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது பின் நம்பர் கேட்கும். எனவே எந்த விரலைப் பதிந்தாலும் அம்மாவுக்கு ஒரு நம்பர் ஞாபகம் இருந்தே ஆக வேண்டும்.

என்கிரிப்ஷனை அணைக்க இந்த மாதிரிப் போனில் பொத்தானே கிடையாது. 'ஸ்வைப்' போட்டாலும் அது அணையாது. பூட்டு பூட்டியபடியே இருக்கும், சாவி கதவிலேயே தொங்கும், அவ்வளவுதான் வித்தியாசம். பதிந்த கைரேகைகளும் அழிந்துவிடும். பேங்க் செயலிகள் சில, திரைப் பூட்டு இல்லாமல் ஓடமாட்டேன் என்று நிற்கும்.

உங்கள் அம்மாவின் படங்கள் மட்டும் என்றால் நானே 'ஸ்வைப்' போடச் சொல்லியிருப்பேன். ஆனால் ஊர்ப் பெண்களின் ஆதார் கார்டுகள் அதில் இருக்கின்றன. பஸ்ஸில் போன் தவறினால் அம்மா யார் யாருக்குப் பதில் சொல்வார்?

இன்னொன்று. பின் நம்பர் அடியோடு மறந்தால் கடைத்தம்பியாலும் முடியாது, என்னாலும் முடியாது. ரீசெட் ஒன்றுதான் வழி. பின் நம்பர் போடாமல் அப்படி ரீசெட் செய்தால், போனில் இருந்த கூகுள் கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்கும். அம்மா பேரில் போட்ட கணக்கின் பாஸ்வேர்டு உங்களிடம் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

கடைத்தம்பி:

அண்ணன் சொல்வது நூற்றுக்கு நூறு. பின் நம்பர் மறந்த போனைக் கொண்டுவந்து 'போட்டோவை மட்டும் எடுத்துக் கொடு' என்று அழுகிறவர்களுக்கு நான் ஒன்றும் செய்ய முடிந்ததில்லை. சிப்பைக் கழற்றி வேறு போர்டில் வைத்தாலும் குப்பைதான் வரும்.

ஆனாலும் வயசானவர்களுக்கு 'ஸ்வைப்' போட்டுக் கொடுப்பவன்தான் நான். போன் தொலைவதைவிட, ராத்திரி நெஞ்சு வலி வந்து போனைத் திறக்கத் தெரியாமல் நிற்பது பெரிய ஆபத்து என்பேன். ஆதார் படம் விஷயம் எனக்குத் தோன்றவில்லை, அதை ஒத்துக்கொள்கிறேன்.

நள்ளிரவு நிரலர்:

நியாயமான பயம். அதற்கு: பூட்டிய திரையிலேயே 'எமர்ஜென்சி' என்று கீழே இருக்கும், அதைத் தொட்டால் 112க்கு பின் நம்பர் இல்லாமலே பேசலாம். லாக் ஸ்கிரீன் செய்தி என்று ஒரு வரி எழுதி வைக்கும் வசதியும் இருக்கிறது, அதில் மகன் நம்பரை எழுதுங்கள். போனைக் கண்டெடுத்தவருக்கும் உதவும், 'இது யார் நம்பர்' என்று ஒப்பிட்டுப் பார்க்க அம்மாவுக்கும் உதவும்.

ஓய்வுபெற்ற தபால்காரம்மா:

தம்பி, முப்பத்திநாலு வருடம் தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்தவள் நான். கையெழுத்து மாறிப் போகும், பாஸ்புக் தொலையும், ஆனால் கணக்கு நம்பரைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் கிழவிகளைப் பார்த்திருக்கிறேன்.

நீ உன் பிறந்த தேதியை வைத்தாய் பார், அதுதான் தப்பு. அது உனக்குத்தான் நம்பர். உன் அம்மாவுக்கு அது ஒரு விடியக்காலம், ஆற்றுத் தண்ணீர். முப்பது வருடம் பீடி சுற்றியவர், பி.எஃப் நம்பர் இருக்கும், பீடிக்கடை பாஸ் நம்பர் இருக்கும், பழைய லேண்ட்லைன் இருந்திருக்கும். எது அவர் வாயில் தானாக வருகிறது என்று அவரிடமே கேள். நீ தேர்ந்தெடுக்காதே.

மகன் பிறந்த தேதி ஊருக்கே தெரியும் என்பதையும் யோசி. குழுப் பணத்துக்குக் கணக்கு எழுதுகிறவர் போன்.

நள்ளிரவு நிரலர்:

தபால்காரம்மா சொன்னதுதான் இந்தத் திரியிலேயே நல்ல பதில். ஆறு இலக்கமாக இருந்தால் இன்னும் நல்லது. நாலு இலக்கத்தில் 10,000 வாய்ப்பு, ஆறில் 10 லட்சம். ஐந்து தடவை தப்பினால் காத்திருக்க வைக்கிறது என்பதால் நாலு இலக்கமே மோசமில்லை, பிறந்த தேதியாக இல்லாத வரை.

விரலுக்கு: கட்டைவிரலை விட்டுவிட்டு மோதிர விரலைப் பதிந்து பாருங்கள், இலை மடிப்பதில் அது குறைவாகத் தேய்ந்திருக்கலாம். கை காய்ந்திருந்தால் கொஞ்சம் எண்ணெய் தடவித் துடைத்துவிட்டுப் பதியுங்கள். ஒரே விரலை இரண்டு பதிவாகவும் சேர்க்கலாம்.

முக்கூடல்காரன்:

எல்லாருக்கும் நன்றி. இந்த சனி, ஞாயிறு ஊருக்குப் போய்ச் செய்தவை:

சான்றுகளை நீக்கினேன். கடைத்தம்பி சொன்னபடியே 'ஸ்வைப்' உயிர் பெற்றது. ஆபீஸ் வைஃபைக்குப் போட்ட சான்றிதழ்தான், எனக்கு அது இருந்ததே மறந்துவிட்டது. ஒரு நிமிஷம் 'ஸ்வைப்' போட்டும் பார்த்தேன், விரலால் தள்ளியதும் ஆதார் படங்கள் அத்தனையும் கண் முன்னால். உடனே பின் நம்பருக்கே மாற்றிவிட்டேன். குழு நோட்டுப் படங்களை ஒரு பென்டிரைவில் நகல் எடுத்து பீரோவில் வைத்தாயிற்று. லோன் முடிந்தவர்களின் ஆதார் படங்களை அம்மாவே உட்கார்ந்து அழித்தார்.

இடது மோதிர விரல் நன்றாக விழுகிறது, எண்ணெய்கூட வேண்டியிருக்கவில்லை. லாக் ஸ்கிரீனில் என் நம்பர் இருக்கிறது. கூகுள் பாஸ்வேர்டை ஒரு காகிதத்தில் எழுதிப் பஞ்சாங்கத்துக்குள் செருகியிருக்கிறேன்.

பின் நம்பரை அம்மாவையே வைக்கச் சொன்னேன். கொஞ்சம்கூட யோசிக்காமல் ஆறு எண்ணைத் தட்டினார், திரும்பக் கேட்டபோதும் அதையே தட்டினார். நாலு தடவை அணைத்து ஆன் செய்து பார்த்தோம், நாலு தடவையும் சரி. என்ன நம்பர் அது, பி.எஃப்பா என்று கேட்டேன்.

"ஒனக்கு எதுக்கு? நீ ஊர்ல இருக்கையில பஞ்சாங்கத்துலயே எழுதிப்புடுவே."

தபால்காரம்மா, நீங்கள் சொல்லிக் கொடுத்தது கொஞ்சம் அதிகமாகவே வேலை செய்துவிட்டது. அதையும் ஒரு காகிதத்தில் எழுதி மூடிய உறையில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். "பாப்போம்" என்றார்.