நிறமில்லாத அக்ரிலிக் உடலில் எலக்ட்ரிக் கிற்றார்: தடிப்பு, வெட்டு, ஸ்குரு பற்றி ஒரு கேள்வி

வாவிக்கரை (மட்டக்களப்பு)

ஃபென்டர் கம்பனியின் டெலிகாஸ்டர் வடிவத்தில் ஒரு எலக்ட்ரிக் கிற்றார் செய்ய வேணும். உடல் முழுக்க நிறமில்லாத அக்ரிலிக், உள்ளுக்குள்ள வயர் ஓடுறதும் பிக்கப்பும் (கம்பி அதிர்வை மின்சைகையாக்குற காந்தச் சுருள்) வெளியே தெரியுற மாதிரி. நெக் (கழுத்துப் பாகம்) ரெடிமேட் மேப்பிள் மரம், 25.5 அங்குல ஸ்கேல் (கம்பி அதிருற நீளம்), 21 ஃபிரெட். பிரிட்ஜ் (உடலில் கம்பியைத் தாங்குற பாகம்) அசையாத ஹார்ட்டெயில் வகை, ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) இரண்டு.

மர உடல் 45 மி.மீ. தடிப்பு என்று எல்லா வரைபடத்திலும் கிடக்கு. அக்ரிலிக்கிலும் அதே தடிப்பு போடலாமா? இங்க பெயர்ப்பலகை செய்யுற கடைகளில் 3, 5, 10 மி.மீ. ஷீட் லேசாக் கிடைக்குது, அதுக்கு மேல சொல்லித்தான் எடுக்க வேணும். 10 மி.மீ. ஷீட்டை அடுக்கி ஒட்டினால் சரிவருமா? இல்லாட்டி வள்ளம் செய்யுற பைபர் ரெசினையே அச்சில ஊத்தி எடுக்கலாம் என்று ஒரு கதை அடிபடுது. ஸ்குரு பூட்டுற இடத்தில வெடிக்கும் என்றும் சொல்றாங்க. அதுக்கு என்ன வழி?

---

ஓடாவிப்பட்டறை (களுவாஞ்சிக்குடி)

முதல்ல பாரத்தைப் பாருங்க தம்பி. அக்ரிலிக்கின் அடர்த்தி ஒரு கன சென்ரிமீற்றருக்கு 1.19 கிராம். டெலிகாஸ்டர் உடலின் முகப்பரப்பை ஏறத்தாழ 900 சதுர செ.மீ. என்று எடுத்தால், 45 மி.மீ. தடிப்பில் வெட்டுக்குழிகளைக் கழிக்க முன்னம் 4.8 கிலோ. குழிகள் போனாலும் 4.4 கிலோ நிற்கும். நெக்கும் இரும்புச் சாமானும் சேர்ந்தால் 5.8 கிலோ. மூன்றரைக் கிலோ மரக் கிற்றார் தூக்கிப் பழகின தோளுக்கு இது தண்டனை.

30 மி.மீ. போதும். உடல் 2.9 கிலோ அளவில் வரும், முழுக் கிற்றார் 4.3. ஆம்பெக் கம்பனிக்காக டான் ஆம்ஸ்ட்ரோங் 1969இல் வடிவமைத்த பிளெக்சிகிளாஸ் (அக்ரிலிக்) கிற்றாரும் மெல்லிய உடல்தான். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் அதே வருசத்து அமெரிக்கப் பயணத்தில் மேடையில் அதையும் வாசித்தார்.

ரெசின் கதையை விட்டிடுங்க. வள்ளத்துக்குப் போடுறது பொலியெஸ்டர் ரெசின். நார்ப்பாயோட மெல்லிய படையாகப் பூசத்தான் அது ஆக்கப்பட்டது. 30 மி.மீ. கனத்தில் ஒரேயடியாக ஊத்தினால் தன் சூட்டிலேயே கொதிச்சு வெடிக்கும், சுருங்கும், நிறமும் தெளிவாக வராது. எபொக்சியில் ஆழமாக ஊத்துறதுக்கென்றே ஒரு வகை இருக்கு, ஏறத்தாழ 2.7 லீற்றர் பிடிக்கும். ஆனால் அந்த வகைகளில் பல 50 பாகை செல்சியசை அண்டியே இளகத் தொடங்கும். வெயிலில் நிற்கிற வானுக்குள்ள அது நடக்கும். 10-46 (அங்குலத்தில் ஆயிரத்தில் 10 முதல் 46 பங்கு தடிப்பு) கம்பி செற் ஒன்று நெக்கை ஏறக்குறைய 46 கிலோ விசையோட இழுத்துக்கொண்டே இருக்குது. இளகின உடல் மெல்ல மெல்ல வளையும்.

10 மி.மீ. மூன்றை ஒட்டுறதும் நினைக்கிற மாதிரி லேசில்லை. ஓரத்தோட ஓரம் ஒட்டத்தான் கரைப்பான் பசை நல்லது. 900 சதுர செ.மீ. முகத்தோட முகம் ஒட்டப் போனால் நடுவில் குமிழி நிற்கும், பிறகு எடுக்க வழியில்லை. என் எண்ணத்தில் 15 மி.மீ. ஷீட் இரண்டு எடுத்து, ஒட்டாமல் போல்ட்டால் இறுக்குறது நல்லது. 15 மி.மீ. கொழும்பில் இருந்து எடுப்பிக்க வேண்டி வரலாம்.

---

சிப்_ஊதி (கல்முனை)

ஓடாவிப்பட்டறை நானா சொன்ன இரட்டைப் படைக்கு நானும் கை தூக்குறேன். அதில் இன்னொரு வசதி, நெக் குழியை மேல் படையில் முழுசாக ஊடுருவி வெட்டினால் போதும். வழமையான குழி ஆழம் 15.9 மி.மீ., இங்க 15. ஒரு மி.மீ. உயரம் கூடும், பிரிட்ஜ் சாடிலை (கம்பி உட்காருற துண்டு) அந்தளவு உயர்த்தினால் சரி.

வாங்கும்போது வார்ப்பு (காஸ்ட்) அக்ரிலிக் என்று கேட்டு வாங்குங்க. எக்ஸ்ட்ரூடட் ஷீட் விலை குறைவு, ஆனால் ரவுட்டர் (சுழன்று வெட்டுற மெசின்) பிட்டில் சவ்வு மாதிரிச் சுத்திக்கொள்ளும். பார்த்து வித்தியாசம் தெரியாது. கடையில் லேசர் மெசின் இருந்தால் ஒரு துண்டில் எழுத்துக் கீறிப் பார்க்கச் சொல்லுங்க. வார்ப்பில் கீறல் வெள்ளையாப் பனி படிஞ்ச மாதிரித் தெரியும், எக்ஸ்ட்ரூடட்டில் கண்ணாடி மாதிரியே நிற்கும். இன்னொன்று, வார்ப்பு ஷீட்டின் தடிப்பு சொன்ன அளவில் இராது. 15 என்று எழுதியிருந்தால் 14 ஆகவும் இருக்கும், 16 ஆகவும் இருக்கும். வேர்னியரால் நாலு மூலையும் அளந்த பிறகுதான் வரைபடத்தைத் திருத்த வேணும்.

சீஎன்சியில் (கணினி ஓட்டுற ரவுட்டர்) வெட்டுறதாக இருந்தால் ஒற்றை வெட்டுவாய் உள்ள 6 மி.மீ. பிட், 18,000 சுற்று, நிமிசத்துக்கு 1,800 மி.மீ. ஓட்டம், ஒரு தரத்துக்கு 2 முதல் 3 மி.மீ. ஆழம், காற்று ஊதிக்கொண்டே. ஓட்டத்தைக் குறைத்தால் பத்திரம் என்று நினைக்கிறதுதான் பெரிய பிழை. பிட் ஒரே இடத்தில் உரசும், சூடேறும், உருகின சீவல் வெட்டின வழியிலேயே திரும்ப ஒட்டிக்கொள்ளும். சீவல் தனித்தனித் துகளாகப் பறக்க வேணும். கை ரவுட்டர் என்றால் 12 மி.மீ. எம்டிஎஃப் அச்சுப்பலகை, அதைத் தொட்டு ஓடுற பெயரிங் பிட், வேகம் 12,000க்குக் கீழ. மேல ஒட்டியிருக்கிற பாதுகாப்புத் தாளை உரிக்க வேண்டாம்.

லேசரில் 15 மி.மீ. வெட்டித் தாறோம் என்று சொல்லுவாங்க. ஓரம் பளபளப்பாக வரும், பார்க்க வடிவு. ஆனால் அந்தப் பளபளப்புக்குள்ள இழுவிசை உறைஞ்சு நிற்குது. பிறகு ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் ஓரம் முழுக்கத் தலைமுடி மாதிரி வெடிப்பு விழும். லேசர்தான் வழி என்றால் வெட்டின பிறகு 80 பாகையில் நாலு மணித்தியாலம் வைத்து, மணிக்குப் பத்துப் பன்னிரண்டு பாகைக்கு மேல் இறங்காமல் ஆறவிட வேணும். பேக்கரிப் போறணைக்குள்ள வைக்கிற யோசனை வந்தால் அதை அங்கேயே விட்டிடுங்க. அக்ரிலிக் 105 பாகையை அண்டி இளகும், பாண் சுடுற சூடு அதுக்கு மேல எவ்வளவோ. பிளைவுட் பெட்டி, சிறிய ஹீற்றர், தெர்மோஸ்டாட் போதும்.

எந்த உள்மூலையும் கூராக இருக்கக் கூடாது. 3 மி.மீ. ஆரை குறைந்தபட்சம். வெடிப்பு எல்லாம் மூலையில்தான் பிறக்கும்.

---

வாவிக்கரை

நன்றி நானாமாரே. 15 + 15 என்று முடிவு. சீஎன்சியில்தான் வெட்டுவிக்கிறேன். இனி நெக் குழிதான் பயமாக் கிடக்கு. மரத்தில் நெக் இறுக்கமாக உட்கார வேணும் என்று சொல்லுவாங்க. இதிலும் அப்படியா?

---

ஓடாவிப்பட்டறை

இல்லை. அங்கதான் மரத்துப் பழக்கம் ஆளைக் கவிழ்க்கும். மேப்பிள் மாரியில் ஈரம் குடிச்சு அகலத்தில் விரியும், வரண்ட கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் சுருங்கும். அக்ரிலிக் ஈரத்துக்குப் பெரிசாக அசையாது, சூட்டுக்கு அசையும். இரண்டும் ஒரே தாளத்துக்கு ஆடாது. 56 மி.மீ. குழியில் நெக்கை அடிச்சு இறக்கினால் மார்கழி மழைக்கு அது ஆப்பு மாதிரி நின்று உடலைப் பிளக்கும். இரு பக்கமும் 0.2 முதல் 0.3 மி.மீ. இடைவெளி விடுங்க.

ஆனால் நெக்கின் பின்முனை குழியின் சுவரோட ஒட்டி நிற்க வேணும், அங்க இடைவெளி கூடாது. காரணம், கம்பி நெக்கை பிரிட்ஜ் பக்கம் இழுக்குது. முனை சுவரில் நேராக முட்டினால் அந்த விசை முழுக்க மேல் படைக்குள்ளேயே அடங்கிப்போகும். முட்டாவிட்டால் ஸ்குரு வழியாகக் கீழ்ப்படைக்குப் போய், இரண்டு படையும் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கப் பார்க்கும். குழியின் உள்மூலை 3 மி.மீ. ஆரையில் வளைந்திருக்கிறதால், நெக்கின் இரண்டு பின்மூலையையும் அரத்தால் அதைவிடச் சற்றுக் கூடவே உருட்டி விடுங்க. மூலையோட மூலை தொட்டால் வெடிப்பு நிச்சயம்.

நெக் பூட்டுறதுக்கு மரஸ்குருவும் பாவிக்கலாம். அதைவிட, நெக்கில் M4 பித்தளை இன்சேர்ட் (உள்மரை உள்ள குழாய்) இறக்கி மெசின் ஸ்குரு போடுறது திறம். கழற்றிப் பூட்டினாலும் தேயாது. உடலில் துளை 5 மி.மீ. கீழ்ப்படை 15, பின்பக்க நெக் தகடு 2, நெக்குக்குள்ள 13. ஆக 30 மி.மீ. நீளம். நெக் அடித்தடிப்பு 25 மி.மீ. சொச்சம். நீளம் கூடின ஸ்குரு போட்டால் ஃபிங்கர்போர்டில் மூக்கை நீட்டும்.

---

சிப்_ஊதி

துளை போடுறதைப் பற்றியும் சொல்லிவிட வேணும். சாதாரண இரும்பு ட்ரில் பிட் அக்ரிலிக்கைத் திருகி உள்ளே இழுக்கும், மறுபக்கம் வெளியேறும்போது சிப்பி மாதிரிப் பெயரும். பிட்டின் வெட்டு விளிம்பை எண்ணெய்க்கல்லில் லேசாகத் தேய்த்து மொட்டையாக்குங்க, சுரண்டுற மாதிரி வெட்டும். அடியில் கழிவுப் பலகை வைத்து, முனை வெளிவர முன்னம் அழுத்தத்தைக் குறைக்கணும். அக்ரிலிக்கில் தானே வழி பிடிக்கிற ஸ்குரு எதுவும் போடக் கூடாது. பிக்கப் வளையம், ஸ்ட்ராப் பட்டன் எல்லாத்துக்கும் 2.5 மி.மீ. துளை போட்டு M3 டாப் (மரை வெட்டுற கருவி) ஓட்டுங்க, பட்டனுக்கு 3.3 துளை, M4 டாப். வழுக்க சவர்க்காரத் தண்ணி.

நட்டு தளராமல் இருக்க லொக்டைட் மாதிரித் திரவம் பூசாதீங்க. அது அக்ரிலிக்கில் பட்டால் இரவோடிரவாக வெடிப்பு விழும். நைலோன் வளையம் உள்ள நட்டு போட்டால் அலுவல் முடிஞ்சுது. இரண்டு படையையும் சேர்க்க ஓரத்தைச் சுற்றி எட்டு M4 எவர்சில்வர் போல்ட், 5 மி.மீ. துளை, நைலோன் வாசர், விரல் இறுக்கத்துக்கு மேல கால் சுற்று. கடல்காற்றுக்கு நாகம் (சிங்க்) பூசின போல்ட் ஒரு மாரிக்குத் தாங்காது.

படைகளைப் பூட்டுறது மழை நாளில் வேண்டாம். இடையில் ஈரம் அடைபட்டால் பிறகு பனிப்புகார் மாதிரி நிற்கும். கச்சான் காற்று நாள் காய விடுறதுக்கு நல்லது, ஆனால் புழுதி. யன்னலைச் சாத்திப்போட்டுச் செய்யுங்க. தாளை உரிச்சதும் அக்ரிலிக் நிலைமின் ஏற்றி வீட்டுத் தூசி முழுக்க இழுக்கும். ஈரப் பஞ்சால் மெதுவாக ஒத்தி எடுத்து, காய விட்டு, உடனே மூடுங்க.

---

ஈயப்புகை (அக்கரைப்பற்று)

வயரிங் பக்கம் யாரும் தொடவில்லை.

இரண்டு படை என்பதால் கீழ்ப்படையின் மேல்முகத்தில் 3 மி.மீ. அகலம், 3 மி.மீ. ஆழத்தில் வாய்க்கால் வெட்டுங்க. வயர் எல்லாம் அதுக்குள்ளால் ஓடட்டும். நீளமாகத் துளை போடுற தலையிடி இல்லை. வாய்க்காலை வளைவாக வரைஞ்சால் அதுவே அலங்காரம். பிரிட்ஜுக்குப் போற எர்த் வயரை மறக்க வேண்டாம். அக்ரிலிக் ஊடாக எதுவும் கடத்தாது, கம்பிகள் எர்த் ஆகாவிட்டால் கம்பியைத் தொட்டாலும் இரைச்சல் அடங்காது.

மர உடலில் குழி முழுக்கச் செப்புத்தாள் ஒட்டுவாங்க. இதில் ஒட்டினால் செப்புத்தாள்தான் தெரியும், அக்ரிலிக் தெரியாது. அதால் ஹம்பக்கர், அதுவும் உலோக மூடி போட்டது, வெளியே பின்னல் கவசம் உள்ள வயர். பொட் (சத்தம், டோன் கூட்டிக் குறைக்கிற திருகி) 500 கே ஓம், டோனுக்கு 0.022 மைக்ரோஃபரட் கப்பாசிற்றர். பொட், சுவிட்ச், ஜாக் மூன்றையும் ஒரே உலோகத் தகட்டில் ஏற்றி அந்தத் தகட்டை எர்த் பண்ணுங்க, பாதிக் கவசம் அதிலேயே வந்திடும். டெலிகாஸ்டரின் பக்கவாட்டு ஜாக் கிண்ணத்துக்கு 22 மி.மீ. துளை வேணும். 30 மி.மீ. ஓரத்தில் மேலும் கீழும் 4 மி.மீ.தான் மிஞ்சும், அதுவும் படைகள் சேருகிற கோட்டில். வயரைக் காலால் மிதிச்ச அன்றைக்குக் கதை முடியும். ஜாக்கை முன்தகட்டில் வையுங்க. லீவர் சுவிட்சும் ஆழம் கூடினது, மூடின பெட்டி வகை அல்லது குட்டை டொகிள் பார்த்து வாங்குங்க. ஹம்பக்கரின் கால்களுக்குக் கீழ்ப்படையில் 8 மி.மீ. குழி தனியாக வேணும்.

சட்டை உரசினால் அம்ப்பில் படபட என்று சத்தம் வந்தால் அது சோல்டர் பிழையில்லை, நிலைமின். ஒரு துளி சவர்க்காரம் கலந்த தண்ணியில் நனைச்சுப் பிழிஞ்ச பருத்தித் துணியால் துடைச்சால் அடங்கும்.

எல்ஈடி போட ஆசை வரும். மின்னி மின்னி வெளிச்சம் குறைக்கிற கட்டுப்பாட்டு பலகை எதுவும் உள்ளுக்குள் வேண்டாம், அந்தத் துடிப்பைப் பிக்கப் பிடிக்கும். தனி 9 வோல்ட் பற்றரி, இரண்டு வெள்ளை எல்ஈடி தொடராக, 330 ஓம் ரெசிஸ்டர். ஒரு சோடிக்கு 10 மில்லியம்பியர் அளவில் ஓடும். பளபளப்பான இடத்தில் வெளிச்சம் தங்காது, சொரசொரப்பான இடத்தில்தான் தெரியும். அதால் ஓரத்தை 400 சாண்ட் பேப்பரோட நிறுத்தலாம். முழுக்கத் தெளிவாக வேணும் என்றால் 400, 600, 1000, 1500, 2000 என்று தண்ணி போட்டுத் தேய்த்து, கார் கொம்பவுண்டால் முடிக்க வேணும். குழிகளின் உட்சுவரை அந்தளவுக்கு மினுக்கப் போறவருக்குப் பொறுமை வேணும். பனி படிஞ்ச மாதிரி விடுறதும் ஒரு அழகுதான்.

---

வாவிக்கரை

ஓம், ஜாக் முன்தகட்டில்தான். கடைசியாக ஒன்று. செய்து முடிச்ச பிறகு இங்கத்தை வெயிலுக்கு என்ன கவனம் எடுக்க வேணும்?

---

ஓடாவிப்பட்டறை

நெக் முனையிலிருந்து பிரிட்ஜ் சாடில் வரை ஏறத்தாழ 18 செ.மீ. அக்ரிலிக் கிடக்கு. 15 பாகை சூடேறினால் அது 0.2 மி.மீ. அளவில் நீளும். கம்பிகளின் சுருதி ஓட அது காணும். கோயில் வெளியிலோ கடற்கரையிலோ மேடை என்றால் அரை மணித்தியாலம் முன்னமே வெளியில் எடுத்து, அந்தச் சூட்டுக்கு வந்த பிறகு சுருதி சேருங்க. பூட்டின வாகனத்துக்குள்ள விட வேண்டாம்.

துடைக்கத் தின்னர், பெற்றோல், ஸ்பிரிட், கண்ணாடி துடைக்கிற அமோனியாத் தண்ணி ஒன்றும் ஆகாது. நுளம்பெண்ணெய் பூசின கையோட தொடவும் கூடாது. ரெக்சீன் ஸ்ட்ராப்பைச் சுற்றி வைக்காதீங்க, அதிலிருக்கிற மென்மையாக்கி கசிஞ்சு அக்ரிலிக்கில் தழும்பு விழுத்தும். பருத்தி அல்லது தோல் பட்டி எடுங்க.

கம்பி பூட்டின முதல் கிழமை, ஒவ்வொரு நாளும் நெக் துளை நாலையும் டோர்ச் அடிச்சுப் பாருங்க. வெடிப்பு தொடங்கினால் துளையைச் சுற்றி வெள்ளி மாதிரி மினுங்கும். கண்டவுடன் கம்பியைத் தளர்த்திப்போட்டு அந்தத் துளையை 5.5 மி.மீ. ஆக்குங்க.