மதுரையில நாடகம் பாக்க, முடிஞ்சா சேந்து வேலை செய்ய எங்கிட்டு போகணும்?

கூடல்நகர்காரன்:
சென்னையில ஏழு வருசம் வேலை பாத்துட்டு போன மாசந்தான் ஊருக்கு வந்தேன். அங்க இருந்தப்ப ஊரூர் ஆல்காட் குப்பம் விழாவுக்கு ஒருக்கா போயிருந்தேன், கடற்கரையில மீனவ சனங்களோட உக்காந்து கச்சேரி கேட்டது இன்னும் மனசை விட்டுப் போகல. அந்த மாதிரி டிக்கெட் இல்லாத, பெரிய ஹால் இல்லாத கலை நம்மூர்ல எங்க நடக்குது? பாக்குறது மட்டுமில்ல, கூட நின்னு வேலை செய்யவும் ஆசை. நடிப்பு தெரியாது, வயசு 31.

புதூர் பறை:
தம்பி, தாராளமா வாங்க. 1977ல காந்திகிராமத்துல நாடகப் பட்டறை நடந்துச்சு, அடுத்த வருசமே இங்க மு.ராமசாமி நிஜ நாடக இயக்கம் ஆரம்பிச்சாரு, அதனால நவீன நாடகம் மதுரைக்குப் புதுசில்ல. நானே 34 வயசுலதான் ஒரு வீதி நாடகக் குழுவுல சேந்தேன். மொத ஆறு மாசம் வசனமே கிடையாது, வட்டத்துக்குள்ள வர்ற பிள்ளைகளைத் தள்ளி உக்கார வைக்கணும், அப்புறம் வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சணும். தோல் இறுகினதும் அடிக்குச்சியால ஒரு தட்டுத் தட்டிப் பாப்பாரு பெரியவரு, சத்தம் மந்தமா இருந்தா மறுபடி நெருப்புக்கிட்ட கொண்டு போன்னுவாரு. அதுலதான் எனக்குக் காது பழகுச்சு. படம் பிடிக்கும்னா 'மறுபக்கம்'ங்கிற அமைப்பு நடத்துற ஆவணப்பட, குறும்பட விழாவுக்கும் போங்க, 1998லருந்து நடத்துறாங்க, படம் முடிஞ்சதும் கிளம்பிராம பேச்சையும் கேளுங்க.

மேலூர் மருமகள்:
எல்லாரும் நவீன நாடகத்தையே சொல்றீங்க, ஸ்பெஷல் நாடகத்தை விட்டுட்டீங்களேப்பா. சங்கரதாஸ் சுவாமிகள் 1918ல நாடக சபா தொடங்குன ஊரு இது. இன்னைக்கும் பங்குனி, சித்திரையில சுத்துப்பட்டு கிராமத்துல விடிய விடிய வள்ளி திருமணம் நடக்குது. ராஜபார்ட் ஒரு ஊரு, ஸ்திரீபார்ட் ஒரு ஊரு, பபூன் இன்னொரு ஊரு, ஒத்திகைன்னு ஒண்ணு கிடையாது, நேரா மேடைக்கு வந்துதான் சேருவாங்க. தம்பி, நீங்க ஆர்மோனியக்காரருக்குப் பக்கத்துல இடம் பிடிங்க. போன வருசம் எங்க ஊர்ல ராத்திரி ரெண்டு மணி இருக்கும், வள்ளிக்கும் நாரதருக்கும் தர்க்கம் நல்லா ஏறி நிக்குது, அந்தப் பொண்ணுக்கு அடுத்த அடி வரல, ஆர்மோனியக்காரரு தலையைக்கூடத் திருப்பல, அந்த மெட்டையே ரெண்டு சுத்து வாசிச்சு மெதுவா மொத வார்த்தையை எடுத்துக் குடுத்தாரு, அது அப்படியே பிடிச்சுப் பாடிருச்சு. முன்னால இருந்த ஒருத்தருக்கும் தெரியல. எனக்கு கண்ணு கலங்கிருச்சு.
ஒண்ணு மட்டும் கேட்டுக்கிறேன், டான்ஸ் கட்டத்தை மட்டும் செல்லுல எடுத்து ரீல்ஸ் போடாதீங்க. ராத்திரி பூரா பாடி நடிக்கிற பொண்ணுங்களை அதுக்குக் கீழ எவ்வளவு கேவலமா எழுதுறாங்க தெரியுமா? அந்தப் பிள்ளைகளும் அதைப் படிக்கும்ல.

கூடல்நகர்காரன்:
சத்தியமா எடுக்க மாட்டேன்க்கா. எங்க ஆத்தா ஊரு அழகர்கோயில் பக்கந்தான், சின்னப்பிள்ளையில அவங்க மடியில தூங்கிக்கிட்டே வள்ளி திருமணம் பாத்திருக்கேன், இதைப் போயி மறந்துட்டேனே. புதூர் அண்ணே, பறை காய்ச்ச என்னைக்கு வரட்டும்?

புதூர் பறை:
ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வாங்க, இடத்தை தனிச்செய்தியில அனுப்புறேன். பழைய சட்டை போட்டுட்டு வாங்க, பொறி பறக்கும்.

மேலூர் மருமகள்:
பங்குனியில எங்க ஊரு நோட்டீஸ் அடிச்சதும் இங்கயே போடுறேன் தம்பி. ஆத்தாவையும் கூட்டிட்டு வாங்க.