பேஷன் ஃப்ரூட்: தினம் பதினைந்து பூ, ஒரு பிஞ்சுகூட இல்லை

மொட்டைமாடி (கோவை):
நீல டிரம்மில் மஞ்சள் பேஷன் ஃப்ரூட் வைத்து ஒன்றரை வருஷம் ஆகிறது. அக்கா வீட்டுக் கொடியில் வெட்டி வந்த தண்டு. அது பிடித்ததும் அதிலிருந்தே இன்னும் இரண்டு. துணி காயப்போடும் கம்பி முழுக்க இப்போது கொடிதான். பூவுக்குக் குறையே இல்லை, மறுநாள் காலையில் அத்தனையும் சுருண்டு தரையில் கிடக்கிறது. மீன் அமிலம், பஞ்சகவ்யம் எல்லாம் கொடுத்தாயிற்று. கம்பியைத் திருப்பிக் கேட்கிறார் வீட்டுக்காரர். என்ன செய்ய?

செம்மண்:
போரான் சத்து குறைவாக இருக்கும், தெளித்துப் பாருங்கள்.

வேலியோரம் (பொள்ளாச்சி):
போரான் எல்லாம் அப்புறம். உங்களிடம் இருப்பது மூன்று கொடி இல்லைங்க, ஒரே கொடி. மஞ்சள் ரகம் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. பங்காளிக்குள் பெண் எடுக்க முடியுமா? அதே கதைதான். நானும் முதல் வருஷம் இது தெரியாமல் எருவாகக் கொட்டி, இலை மட்டும் வளர்த்தேன்.

விதையில் வந்த வேறு கொடி யார் வீட்டிலாவது இருந்தால் அன்றைக்கு மலர்ந்த இரண்டு பூ வாங்கி வாருங்கள். மஞ்சள் மதியம்தான் விரியும். விரிந்ததும் அவசரப்படாதீர்கள், நடுவில் மகரந்தத்தை ஏற்கும் மூன்று சூல்முடிகளும் முதலில் நிமிர்ந்து நிற்கும், ஒரு மணி நேரத்தில் மெல்லக் கீழே வளையும். அப்போது அந்த வேற்றுப் பூவின் மகரந்தப்பையை மூன்றிலும் தேயுங்கள். விரலில் மஞ்சளாக ஒட்டும், அதுதான் கணக்கு. மழை நனைத்தால் மகரந்தம் வெடித்துவிடும், அன்றைய பூவை விட்டுவிடுங்கள்.

இந்த வேலையைச் செய்ய வேண்டியது கருவண்டு. தேனீ சின்னது, முதுகு எட்டாது. காய்ந்த மூங்கில் இருந்தால் எறியாதீர்கள், வண்டு துளை போட்டுக் குடியிருக்கும்.

மொட்டைமாடி:
கொடைக்கானல் தாட்பூட் பழக் கன்று ஒன்று கிடைக்கிறது, ஊதா பேஷன் ஃப்ரூட்தான். அதைத் துணைக்கு வைக்கலாமா?

வேலியோரம்:
அது விடியலில் மலர்ந்து மதியத்துக்குள் மூடிவிடும். இது கண் விழிக்கும்போது அது தூங்கப் போயிருக்கும். நம் வெயிலும் அதற்கு ஆகாது. வேறு வேறு இடத்துப் பழம் இரண்டு வாங்கி விதை போடுங்கள், ஒவ்வொன்றும் தனிக் கொடி.

வவுனியா வாசி:
நாங்கள் இதைக் கொடித்தோடை என்போம். என் முற்றத்தில் இரண்டு விதைக்கொடி இருக்கு, கருவண்டும் வரும், அதனால் ஒருநாளும் கையால் தடவியதில்லை.

மொட்டைமாடி:
சித்தப்பா வீட்டில் விதைக்கொடி ஒன்று இருந்தது. டிபன் டப்பாவில் நான்கு பூ கொண்டு வந்து, சனிக்கிழமை மூன்று மணிக்கு ஒன்பது பூவுக்குத் தடவினேன். இன்றைக்கு ஆறு பூவில் அடி பச்சையாக உருண்டிருக்கிறது, சுண்டைக்காய் அளவு. எப்போது பறிக்க?

வவுனியா வாசி:
பறிக்க வேண்டாம். இரண்டு இரண்டரை மாதத்தில் தானே விழும். கீழே ஒரு பழைய நுளம்புவலையை (கொசுவலை) கட்டி விடுங்கோ.