செக்லிஸ்ட்டில் டிக் இருந்தது, மாஸ்க் இல்லை

இரவுப்பணி:
பிரசவ வார்டில் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட பாதுகாப்பான பிரசவ செக்லிஸ்ட், 29 அம்சங்கள், எங்களிடமும் உண்டு. அட்மிஷன் போடும்போது, முக்குவதற்குச் சற்று முன், பிறந்து ஒரு மணி நேரத்துக்குள், டிஸ்சார்ஜுக்கு முன் என்று நான்கு இடங்களில் நின்று பார்க்க வேண்டிய தாள். நாங்கள் அட்மிஷனிலேயே நான்கையும் டிக் அடித்துவிடுகிறோம். குழந்தை பிறக்கவே இல்லை, தாளில் வீட்டுக்கே போய்விட்டது!

போன வாரம் நானும் அப்படித்தான் அடித்தேன். அன்றிரவு 34 வாரத்தில் பிறந்த குழந்தை ஒன்று அழவில்லை, மூச்சும் இல்லை. தாள்படி 'பையும் மாஸ்க்கும் தயார்', அதாவது மூச்சுவிடாத குழந்தைக்குக் கையால் அமுக்கிக் காற்று கொடுக்கும் கருவி. தட்டில் இருந்ததோ நிறைமாதக் குழந்தைக்கான 1-ஆம் எண் மாஸ்க். கண்வரை ஏறி உட்கார்ந்தது, காற்றெல்லாம் ஓரமாகப் போனது. அதைவிடச் சிறிய 0 எண் மாஸ்க்கை அடுத்த அறையிலிருந்து ஓடி எடுத்து வந்தோம். குழந்தை இப்போது நன்றாக இருக்கிறது. எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. இந்தத் தாளால் உண்மையிலேயே பயன் உண்டா, இல்லை ஃபைலுக்கு மட்டுமா?

பழைய சிஸ்டர்:
தங்கச்சி, உள்ளதைச் சொன்னாயே, அதுவே பெரிசு. பையைக் கண்ணால் பார்த்து டிக் அடிக்காதே. மாஸ்க்கை உள்ளங்கையில் அழுத்தி வைத்துப் பையை அமுக்கு. கையில் அழுத்தம் தெரிய வேண்டும், வால்வு திறக்கிற சத்தம் கேட்க வேண்டும். மூச்சுவிடாத குழந்தைக்கு முதல் ஒரு நிமிடத்துக்குள் காற்று கொடுக்கத் தொடங்க வேண்டும். அதில் தேடுவதற்கென்று தனியாக நேரம் ஏது?

எங்கள் வார்டில் ஒருவர் வாசிப்பார், இன்னொருவர் பொருளைத் தொட்டுக்கொண்டே 'இருக்கு' என்பார். தொடாமல் சொன்னால் மறுபடி வாசிப்பேன். என்னை எத்தனை பேர் திட்டியிருக்கிறார்கள் தெரியுமா!

குழந்தை டாக்டர்:
கொஞ்சம் கசப்பான செய்தி. உத்தரப் பிரதேசத்தில் 120 மையங்களில் இதே செக்லிஸ்ட்டைச் சோதித்தார்கள். பாதி மையங்களில் செக்லிஸ்ட்டோடு ஆள்வைத்துப் பயிற்சியும் கொடுத்தார்கள், மீதிப் பாதியில் வழக்கமான கவனிப்புதான். முடிவு 2017-இல் வெளியானது. ஊழியர்கள் செய்ய வேண்டியதைச் செய்வது நன்றாகவே கூடியது, பயிற்சி நின்றதும் ஓரளவு சரிந்தது. ஆனால் தாய், சேய் இறப்பில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. தாள் மருந்து தராது, கைத்திறன் தராது. அதற்காக அதைத் தூக்கிப் போடவும் சொல்ல மாட்டேன்.

உங்கள் விஷயத்தில் தாளிலேயே ஓட்டை இருக்கிறது. அதில் பை, மாஸ்க் என்றுதான் இருக்கும், எந்த அளவு என்று இருக்காது. இடத்துக்கேற்ப மாற்றிக்கொள்ள அனுமதி உண்டு. '0, 1 இரண்டும்' என்று கையால் எழுதிச் சேருங்கள்.

இரண்டாம் பிள்ளைக்காரி:
நான் நர்ஸ் இல்லை, சொல்லலாமா? டிஸ்சார்ஜ் அன்று ஒரு சிஸ்டர் தாளைப் பார்த்து ஆபத்து அறிகுறிகளை வாசித்தார்: பால் குடிக்காதது, வேகமான மூச்சு, நெஞ்சு உள்ளே இழுப்பது, வலிப்பு, உடம்பு சுடுவது அல்லது சில்லிடுவது. அதோடு விடவில்லை, என்னையே திருப்பிச் சொல்லச் சொன்னார். எப்போது வீட்டுக்குப் போவோம் என்றிருந்த எனக்கு எரிச்சல்தான். நாலாம் நாள் மகள் பாலை உதறினாள், வயிறு சில்லென்றிருந்தது. 'தூங்குகிறாள், விடு' என்றார் மாமியார். அந்தப் பட்டியல் காதில் ஒலித்ததால் கிளம்பினேன். கிருமித்தொற்று. பத்து நாள் ஊசி.

இரவுப்பணி:
எல்லோருக்கும் நன்றி. அக்கா, இரவில் சில நேரம் நான் ஒருத்திதான், யாரிடம் வாசிப்பது?

பழைய சிஸ்டர்:
சுவரிடம் வாசி. உன் காதில் விழ வேண்டும், அவ்வளவுதான்.

இரவுப்பணி:
சரி அக்கா. நேற்று வாசித்தேன், ஆயாம்மா சிரித்தார். அப்புறம் அவரே 0 எண் மாஸ்க்கை எடுத்துக் காட்டினார். நான்காம் பகுதியை மட்டும் தாளிலிருந்து கிழித்துத் தனியாக வைத்திருக்கிறேன். குழந்தை பிறந்த பிறகுதான் அது கேஸ் ஷீட்டுக்குப் போகும்.