ஆம்புலன்ஸ் டிஸ்பேட்ச் மேசை: நாலு திரையில் எது எதற்கு?

புதுமேசை:
ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறைக்கான மென்பொருளின் திரை வடிவமைப்பைப் பற்றிக் கேட்கிறேன். ஆவணங்களில் தொகுதிகளின் பெயர் எல்லாம் இருக்கிறது. மேசையில் உட்காருபவரின் கண்ணும் கையும் எந்த வரிசையில் எங்கே போகும் என்பதுதான் எங்கும் இல்லை. ஒரு மேசைக்கு ஏன் நாலு திரை? போனும் வயர்லெஸ்ஸும் ஒரே ஹெட்செட்டில் எப்படிக் கலக்காமல் கேட்கிறது? எல்லா வண்டியும் மேப்பில் தெரியும்போது, பக்கத்தில் இருப்பதைக் கணினியே அனுப்பிவிடக் கூடாதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மூன்றாம் ஷிஃப்ட்:
முதலில் ஒரு விஷயம். பெரிய மையங்களில் அழைப்பை எடுப்பவர் வேறு, வண்டியை அனுப்புபவர் (டிஸ்பேட்சர்) வேறு. சின்ன மையத்தில் இரண்டும் ஒருவரே. இரண்டு பேர் இருக்கும் இடத்தில், முகவரியும் முக்கியப் பிரச்சினையும் பதிவான அந்த நொடியிலேயே கேஸ் டிஸ்பேட்சரின் வரிசையில் வந்து நிற்க வேண்டும். மிச்சக் கேள்விகள் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது தொடரும். "படிவம் முழுக்க நிரம்பினால்தான் சேமிக்கும்" என்று நிரல் எழுதினீர்கள் என்றால் ஒவ்வொரு கேஸிலும் ஒன்றிரண்டு நிமிடம் போய்விடும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

திரைகள் பொதுவாக: தொலைபேசி, கேஸ் படிவம், மேப், ரேடியோ. ரேடியோ திரை பெரும்பாலும் தனிக் கணினியில், தனி நெட்வொர்க்கில் ஓடும். கேஸ் மென்பொருள் உறைந்து நின்றாலும் வண்டிகளோடு பேச முடிய வேண்டும், அதற்காக.

அழைப்பு வந்ததும் எண் தானாகத் தெரியும். இடம்தான் சிக்கல். தரைவழி போன் என்றால் பதிவு செய்த முகவரி வரும். மொபைல் என்றால் முதலில் வருவது டவர் எல்லை மட்டும்; அது சில நூறு மீட்டராகவும் இருக்கலாம், சில கிலோமீட்டராகவும் இருக்கலாம். ஏஎம்எல் (அட்வான்ஸ்டு மொபைல் லொகேஷன்) வசதி உள்ள இடங்களில் அவசர எண்ணை அழைத்ததும் போன் தானே இருப்பிடத்தைக் கணக்கிட்டு எஸ்எம்எஸ் அல்லது டேட்டா வழியாக அனுப்பும். அதற்கு 20 வினாடி வரை எடுத்துக்கொள்ளும். ஆக, மேப்பில் பெரிய வட்டம் முதலில் விழும், பிறகு சுருங்கும். சுருங்கியதைப் பளிச்சென்று காட்டுங்கள். பழைய வட்டத்தை வைத்தே வண்டி கிளம்பிவிடக் கூடாது.

அழைப்பவர் இருக்கும் இடத்தில்தான் நோயாளியும் இருக்கிறார் என்று எடுத்துக்கொள்ள முடியாது. மகன் வேறு ஊரிலிருந்து அம்மாவுக்காக அழைப்பார். அதனால் வாயால் கேட்டே தீர வேண்டும். கேட்கும்போது திரையில் உள்ளதைப் படித்துக் காட்டி "சரிதானே?" என்று கேட்கக் கூடாது. பதற்றத்தில் இருப்பவர் எதற்கும் "ஆமாம் ஆமாம்" என்பார். அவரையே சொல்லவைத்துத் திரையோடு ஒப்பிட வேண்டும். திரும்ப அழைக்கும் எண்ணையும் அப்படியே வாங்க வேண்டும்.

அடுத்து இரண்டே கேள்வி. நினைவு இருக்கிறதா? மூச்சு எப்போதும் போல இருக்கிறதா? "எப்போதும் போல" என்ற சொல் முக்கியம். இதயம் நின்றவர் சில நிமிடம் விட்டுவிட்டு இழுப்பார், குறட்டை போலச் சத்தம் வரும். பார்ப்பவர் "மூச்சு இருக்கு" என்றே சொல்வார். இரண்டுக்கும் "இல்லை" என்றால் உடனே போனை ஸ்பீக்கரில் போடச் சொல்லி மார்பு அழுத்தம் தொடங்கவைக்க வேண்டும்: பெரியவர்களுக்கு 5 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. தாளத்துக்கு டிக் டிக் ஒலிக்கும் பொத்தான் படிவத்திலேயே இருக்கட்டும், மெனுவுக்குள் ஒளித்துவைக்காதீர்கள்.

அலைவரிசை:
ஹெட்செட் பற்றி. ரேடியோ கன்சோலில், அதாவது வயர்லெஸ்ஸை இயக்கும் திரையில், ஒரு சேனலைத் தேர்ந்தெடுத்தால் அது காதுக்கு வரும். தேர்ந்தெடுக்காதவை மேசை ஸ்பீக்கரில் கொஞ்சம் தணிந்து கேட்கும். போன் எடுத்தால் போன் காதுக்கு, ரேடியோ ஸ்பீக்கருக்கு என்று தானாக மாறிவிடும். கை தட்டச்சில் இருப்பதால் பேச ஃபுட் பெடல். பெடலை மிதித்திருக்கும் வரை உங்கள் குரல் போனில் இருப்பவருக்குப் போகாது.

டிஜிட்டல் ரேடியோவில் பொத்தானை அழுத்தியதும் சேனல் கிடைக்கச் சற்று நேரம் ஆகும். கிடைத்ததும் ஒரு சின்ன ஒலி வரும். அதற்கு முன் வாயைத் திறந்தால் முதல் அசைகள் காணாமல் போகும். "இருபத்தி நாலு" என்றது வண்டியில் வெறும் "நாலு" என்று விழும், வேறு வண்டி கிளம்பிவிடும். வண்டி எண்ணை ஒவ்வோர் இலக்கமாக, "இரண்டு, நான்கு" என்று சொல்வதும், எதிர்முனை திருப்பிச் சொல்வதும் இதனால்தான்.

அடிக்கடி வரும் கோளாறு: நாற்காலிச் சக்கரம் பெடல் மேல் ஏறி நிற்கும். மைக் திறந்தே கிடக்கும், அந்தச் சேனலில் வேறு யாரும் பேச முடியாது. தொடர்ந்து இவ்வளவு நேரம்தான் பேசலாம் என்று கன்சோலில் ஒரு வரம்பு வைப்பார்கள். கண்டிப்பாக அதை இயக்கிவைக்கச் சொல்லுங்கள். கடைசி சில நிமிடப் பேச்சை உடனே திரும்பக் கேட்கும் பொத்தானும் வேண்டும். அழைப்பு பாதியில் அறுந்து, தெருப் பெயர் பிடிபடாத நேரத்தில் அது ஒன்றுதான் கை கொடுக்கும்.

புதுமேசை:
மிக்க நன்றி. மூன்றாவது கேள்விக்கு யாராவது?

மேப் பார்ப்பவன்:
நேர்க்கோட்டில் அருகில் இருப்பது சாலையில் அருகில் இருக்காது. ஆற்றுக்கு அக்கரையில் 600 மீட்டரில் ஒரு வண்டி நிற்கும், பாலம் 5 கிலோமீட்டர் தள்ளி இருக்கும். நடுவில் தடுப்புள்ள நெடுஞ்சாலையில் எதிர்ப்பக்கம் போகும் வண்டியும் அப்படித்தான். அதனால் சாலை வழிக் கணக்கு, ஒருவழிப் பாதைகளோடு சேர்த்து, கட்டாயம்.

அடுத்து, மேப்பில் உள்ள புள்ளி எவ்வளவு பழையது? அடித்தளப் பார்க்கிங்கில் நுழைந்த வண்டிக்கு ஜிபிஎஸ் கிடைக்காது. கடைசி இடத்திலேயே புள்ளி நிற்கும். புள்ளியின் வயதைக் காட்டுங்கள், பழசானதைச் சாம்பல் நிறமாக்குங்கள்.

இதைவிடப் பெரிய தொல்லை ஸ்டேட்டஸ். வண்டியில் இருப்பவர்கள் ஒவ்வொரு கட்டத்திலும் பொத்தான் அழுத்துவார்கள்: கேஸ் கிடைத்தது, கிளம்பியாச்சு, இடத்துக்கு வந்தாச்சு, நோயாளியோடு கிளம்பியாச்சு, மருத்துவமனை வந்தாச்சு, தயார். அழுத்தும்போதே நேரம் பதிவாகும். நோயாளியைத் தூக்கும் அவசரத்தில் மறப்பது சகஜம். மறந்தால், சும்மா நிற்கும் வண்டி வேலையில் இருப்பதாகத் தெரியும். "தயார்" முன்கூட்டியே விழுந்தால் இன்னும் மோசம்: ஸ்ட்ரெச்சர் இன்னும் அவசரப் பிரிவுக்குள் இருக்கும், ஆக்சிஜன் மாற்றியிருக்காது, கணினி அந்த வண்டியைத்தான் முதலில் நீட்டும்.

ஆள் எதற்கு என்றால் இதற்குத்தான். ரேடியோவில் கேட்டது டிஸ்பேட்சருக்கு நினைவிருக்கும். எந்த வண்டியில் வென்டிலேட்டர், எந்தக் குழுவுக்கு ஷிஃப்ட் முடிகிறது, இந்த வண்டியையும் எடுத்தால் அந்தப் பக்கம் ஒரு வண்டிகூட மிஞ்சாதே என்பதெல்லாம் சேர்த்து முடிவெடுப்பார். கணினி வரிசைப்படுத்திச் சிலவற்றைக் காட்டட்டும். உயிர் போகும் கேஸுக்குத் தானாகவே அனுப்பும் அமைப்புகளும் உண்டு; அங்கேயும் மாற்றும் உரிமை மேசையில் இருக்க வேண்டும். அனுப்பிய கேஸை வண்டி ஏற்றுக்கொள்ளவில்லை என்றால், 30 வினாடி என்று வையுங்கள், அந்த வரி மின்ன வேண்டும். உடனே குரலில் கூப்பிட்டுப் பார்ப்பார்கள், பதில் இல்லையென்றால் அடுத்த வண்டி.

ஒரே விபத்துக்குப் பத்து அழைப்பு வரும். அருகே, சற்று முன் பதிவான கேஸ்களைக் காட்டினால் இணைக்க வசதி. ஆனால் தானாக இணைக்கவிடாதீர்கள். 300 மீட்டர் தள்ளி நடந்தது இரண்டாவது விபத்தாக இருக்கலாம். எந்தப் பக்கம் போன வண்டி, என்ன நிறம் என்று கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

மூன்றாம் ஷிஃப்ட்:
இவர் சொன்ன ஸ்டேட்டஸ் பிரச்சினை முழு அமைப்பையும் கவிழ்த்ததற்கு லண்டன் சாட்சி. 1992 அக்டோபர் 26 அன்று லண்டன் ஆம்புலன்ஸ் சேவை புதிய கணினி அமைப்புக்கு முழுதாக மாறியது. வண்டிகளின் இடமும் ஸ்டேட்டஸும் தவறாகப் பதிவாக, தவறான வண்டிகள் போயின. எச்சரிக்கைச் செய்திகள் குவிந்து, பழையவை திரைக்கு மேலே ஏறி மறைந்தன. வண்டி வராததால் மக்கள் மறுபடி மறுபடி அழைக்க, குவியல் இன்னும் பெருகியது. நவம்பர் 4 அதிகாலையில் அமைப்பே நின்றது. சர்வரில் நினைவகத்தை விடுவிக்காமல் விட்ட ஒரு சிறு நிரல்துண்டு காரணம். மாற்று சர்வரும் கை கொடுக்கவில்லை. காகிதத்துக்குத் திரும்பினார்கள். உங்கள் எச்சரிக்கைப் பட்டியலில் யாரும் பார்க்காத வரி எதுவும் திரையை விட்டு நகரக் கூடாது.

மின்சாரம் போனால் ஜெனரேட்டர் எடுக்கும் வரை யுபிஎஸ் தாங்கும். கணினிக்கு மட்டும் யுபிஎஸ் கொடுத்து நெட்வொர்க் ஸ்விட்சை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. எல்லாத் திரையும் எரியும், எதுவும் நகராது. எல்லாக் கருவிக்கும் கடிகாரம் ஒரே இடத்திலிருந்து வரட்டும். குரல்பதிவுக்கும் கேஸுக்கும் 40 வினாடி வித்தியாசம் இருந்தால், அழைப்பு வருவதற்கு முன்பே வண்டி கிளம்பியதாக விசாரணையில் தெரியும்.

மேசை இழுப்பறையில் அச்சடித்த அட்டைகள் வேண்டும்: நேரம், முகவரி, திரும்ப அழைக்கும் எண், பிரச்சினை, வண்டி எண், ஒவ்வொரு ஸ்டேட்டஸுக்கும் ஒரு கட்டம். 15 நிமிடத்துக்கு ஒருமுறை வண்டிகளின் நிலை தானாக அச்சாகி வந்தால், கணினி நின்ற நொடியில் எது எங்கே என்று ஓரளவு தெரியும். மீதியை ரேடியோவில் ஒவ்வொரு வண்டியாகக் கேட்டு நிரப்பலாம். கணினி திரும்பியதும் அட்டைகளை ஏற்றும்போது நடந்த நேரத்துக்கு ஒரு புலம், பதிவு செய்த நேரத்துக்கு இன்னொரு புலம் தேவைப்படும். அந்த இரண்டாவது புலத்தை இப்போதே சேர்த்துவிடுங்கள்.